லாபம், இரண்டு, மூன்று…

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் ஊரில் எங்கள் பழைய வீட்டை இடித்தபோது பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கியது. உள்ளே என் தாத்தாவின் கடைக் கணக்கு நோட்டுகள் ஏழு. சிவப்புத் துணி அட்டை போட்டு, நீளவாக்கில் மடித்துத் தைத்தவை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பலசரக்குக் கடை நடத்தியவர். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார்.

ஒரு வாரமாக அந்த நோட்டுகளோடுதான் இருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் ‘உ’ என்று பக்க எண் போல ஒன்று இருக்கிறது. எல்லாப் பக்கமும் இரண்டாம் பக்கமா? அதற்குக் கீழே ‘லாபம்’ என்று எழுதியிருக்கிறார், ஆனால் எதிரே தொகை இல்லை. புரியாத குறிகள் வேறு நிறைய. பலர் பெயரில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு ரூபாய் மட்டும் வரவு வைத்திருக்கிறார். கஷ்டப்பட்டவர்களிடம் முடிந்ததை மட்டும் வாங்கிக்கொண்ட அந்த மனசு என்னைக் கலங்க வைத்தது. வசூலாகாத கடன்களே ஒரு நோட்டு முழுக்க இருக்கின்றன. அன்று வியாபாரம் என்பது ஒரு சேவை, லாபம் இரண்டாம்பட்சம் என்றுதான் தோன்றுகிறது. செயலியில் பருப்பு வாங்கும் நமக்கு அந்த உறவு கிடையாது.

அவர் வாழ்க்கையை நாவலாக எழுத நினைக்கிறேன். அன்றைய சிறுநகர வியாபாரியின் அன்றாடம் எப்படி இருந்தது? எதையெல்லாம் படிக்கலாம்? யுத்தகாலப் பதுக்கல், ரேஷன் பற்றியும் சொல்லுங்கள். எங்கிருந்து தொடங்குவது?

(பெயரைத் தவிர்க்கும்படி கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு வாரமாக என் மேஜைமேல் ஒரு பித்தளைக் கரண்டி கிடக்கிறது. முழ நீளக் காம்பு, நுனியில் சிறு கிண்ணம், ஆணியில் மாட்டுவதற்காக மறுமுனையில் ஒரு வளைவு. அக்கா வீடு மாறும்போது, ‘இது உன்னிடம் இருக்கட்டும்’ என்று கொடுத்தனுப்பினாள். கிண்ணத்தின் அடி உள்பக்கமாகச் சற்று அமுங்கியிருக்கிறது. எழுத உட்காரும்போதெல்லாம் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் எழுந்து போய்க்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம். தாத்தாவைப் பற்றி நாவல் எழுதப்போகிறேன் என்று மாதத்துக்கு நான்கு கடிதமாவது வருகிறது.

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். ‘உ’ பக்க எண் அல்ல, பிள்ளையார் சுழி. நாவல் எழுத வந்தவருக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது, போகட்டும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ நாள். ௶ பற்று, ௷ வரவு. ௸ என்றால் மேற்படி. ௹ ரூபாய். கால், அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி ஆகிய பின்னங்களின் குறிகளுக்குப் பழைய எண்சுவடி, அதாவது வாய்ப்பாட்டுப் புத்தகம், ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். வருஷத்துக்குப் பெயர்தான் இருக்கும், எண் இருக்காது. ஹேவிளம்பி என்றால் 1957 ஏப்ரல் நடுவிலிருந்து 1958 ஏப்ரல் நடுவரை. அதை வைத்து முன்னும் பின்னும் எண்ணிக்கொள்ளுங்கள். பதுக்கல், ரேஷன் எல்லாம் இப்போது வேண்டாம். அது தனிக் கதை. 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியபோது எங்கள் கடைத்தெருவில் தேங்காய் உடைத்தார்கள் என்று அப்பா சொல்வார். அந்தத் தேங்காய்க்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று யோசித்துக்கொண்டிருங்கள். என்ன படிப்பது என்கிறீர்கள். ஒன்றும் படிக்கவேண்டாம். கையில் ஏழு நோட்டு இருக்கிறதே, அதை ஒழுங்காகப் படியுங்கள்.

ஒழுங்காக என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஒரு ரூபாய். அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது.

கடன் பத்திரத்துக்கு ஆயுள் மூன்று வருஷம். அதற்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதி, கோர்ட்டில் செல்லாது. ஆனால் இடையில் கடன்காரர் ஏதோ ஒரு தொகையைச் செலுத்தி, அதை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால் அன்றிலிருந்து மறுபடி மூன்று வருஷம். ஒரு ரூபாய் போதும். உங்கள் தாத்தா இரக்கப்பட்டு ஒரு ரூபாயோடு நிறுத்திக்கொள்ளவில்லை, நண்பரே. சாகக் கிடந்த கடனுக்குப் பால் ஊற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார். நோட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். மூன்று வருஷம் முடியப் பத்து நாள், பதினைந்து நாள் இருக்கும்போது அந்த வரவு விழுந்திருக்கும். ஓரத்தில் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கும். சில சமயம் அந்த ஒரு ரூபாய்கூடக் கடன்காரருடையதாக இருக்காது. கடைக்காரரே கல்லாவிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்து, அவர் கையிலிருந்து திரும்ப வாங்கி வரவு வைப்பார். என் அப்பா அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ரூபாய் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்த் திரும்பும். இருவரும் அதைப் பார்க்கமாட்டார்கள். பிறகு அப்பா கடைப் பையனை அனுப்பி அவருக்கு ஒரு காப்பி வாங்கிவரச் சொல்வார்.

வசூலாகாத கடன் ஒரு நோட்டு முழுக்க இருக்கிறது என்று நெகிழ்கிறீர்கள். வேண்டாம் என்று நினைத்தவர் ஏன் எழுதிவைக்கிறார்? மறப்பதற்காக யாரும் நோட்டுப் போடுவதில்லை. எங்கள் கரிசல் பக்கத்தில் மாசி, பங்குனியில் பருத்தி வெடித்து வீட்டுக்கு வந்தால்தான் சம்சாரி, அதாவது விவசாயி, கையில் காசு புரளும். அதுவரைக்கும் உப்பு, புளி, மண்ணெண்ணெய் எல்லாம் கடன்தான். வேறு யார் கொடுப்பார்கள்? பாங்கு இருந்ததா? கடைதான் பாங்கு. ஆனால் ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. வட்டி என்ற சொல்லை யாரும் உச்சரிக்கமாட்டார்கள். அது துவரம்பருப்பின் விலைக்குள் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, ஒரு கடையில் பற்று உள்ளவர் இன்னொரு கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குவது ஊர் ஒப்பாத காரியம். அப்படிச் செய்தவர்கள் கடைத்தெருவைத் தவிர்த்துக் கோவில் பின்பக்கமாகச் சுற்றிப் போவார்கள். அப்பாவுக்கு அந்தச் சந்து தெரியும். யார் எந்த மாதத்திலிருந்து அந்த வழியாகப் போக ஆரம்பித்தார்கள் என்பதும் தெரியும். உறவு, உறவு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த உறவில் இந்தச் சந்தும் சேர்த்தி.

இனி உங்கள் ‘சேவை’.

பக்க உச்சியில் ‘லாபம்’ என்று எழுதியிருக்கிறார், தொகை இல்லை என்கிறீர்கள். இரண்டு வரி தள்ளி, லாபம் அவருக்கு இரண்டாம்பட்சம் என்கிறீர்கள். நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை படித்துப் பார்க்கமாட்டீர்களா? பிள்ளையாருக்கு அடுத்தபடி அவர் எழுதிய சொல் அது! அந்தக் காலத்தில் தானியம் அளக்கும்போது முதல் படிக்கு ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார்கள். ‘லாபம்’ என்பார்கள். படி குதிரிலிருந்து சாக்குக்குப் போய்ச் சேரும் வரை, லாபம்… லாபம்… லாபம்… என்று இழுத்துச் சொல்லி, அடுத்த படிக்குத்தான் ‘இரண்டு’. ஒரு நாளைக்கு நூறு முறை இந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்ன மனிதரை, வெட்கமே இல்லாமல் ராகம் போட்டுச் சொன்ன மனிதரை, லாப நோக்கம் இல்லாதவர் என்று நீங்கள் எழுதினால் அவர் ஆவி வந்து உங்கள் காதைத் திருகும்.

உங்கள் தலைமுறைக்கு லாபம் என்றால் கூச்சம். சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எப்போதுமே அந்தக் கூச்சம் உண்டு. தாத்தாவை நேசிக்கவேண்டும் என்றால் அவர் லாபத்தைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் நேசிக்கமுடிகிறது. சேவை வேண்டுமென்றால் விருதுநகருக்குப் போய்ப் பாருங்கள். மகமை என்று ஒன்று. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தமக்குள் ஒரு பொதுப்பணம் பிடித்து, அதில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை வியாபாரிகள் சேர்த்த பொதுப்பணத்திலும், வீட்டுக்கு ஒரு பிடி என்று பெண்கள் எடுத்துவைத்த அரிசியிலும் நடந்ததுதான். (அந்த காமராஜரையே பிறகு மாமாவின் துணிக்கடையில் உட்காரவைத்தார்கள். அவர் கூட்டம் கேட்கப் போய்விட்டார். கடை என்பது தப்பியோட வேண்டிய இடமாகவும் இருந்தது என்பதை உங்கள் நாவலில் எங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள்.) ஆனால் கவனியுங்கள்: மகமையும் கணக்கில் எழுதித்தான் பிடிக்கப்பட்டது. தர்மத்துக்கு ஒரு பத்தி, அதற்கு எதிரே ஒரு தொகை. எழுதாத தர்மத்தை அவர்கள் நம்பவில்லை.

இப்படிச் சொல்வதால் உடனே அந்தப் பக்கம் சாய்ந்து, தாத்தாவைத் தொப்பையும் மோதிரமுமாக ஒரு கந்துவட்டிக்காரராக எழுதித் தொலைக்காதீர்கள். அது இன்னொரு சோம்பேறித்தனம். நம் கதைகளில் வரும் கடைக்காரர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அப்பாவுக்குத் தொப்பை இல்லை. குடல்புண் இருந்தது. கூட்ட நேரத்தில் சாப்பாட்டை இலையில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து எழுந்து வந்து சம்பாதித்தது.

அன்றாடம் கேட்டீர்கள் அல்லவா? எங்கள் கடை சாத்தூர்க் கடைத்தெருவில் இருந்தது. விடிவதற்கு முன்பே திறக்கவேண்டும். கதவு என்பது ஒற்றைக் கதவு அல்ல. எண் எழுதிய பலகைகள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை வரிசையாகக் காடியில் இறக்குவது, ஏற்றுவது என் வேலை. ஏழாவது பலகை மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு வராது. வாசலில் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி போட்டு, போணிக்காகக் காத்திருப்பார். முதல் காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கேட்ட பொருள் கடையில் இல்லாவிட்டால் ‘இல்லை’ என்ற சொல் வாயிலிருந்து வராது. ‘நாளை வந்துவிடும்’ என்பார். விளக்கு வைத்த பிறகு ஊசி விற்கமாட்டார். அந்த நேரத்தில் வசம்பு கேட்டு வருகிறவர்களும் பெயரைச் சொல்லமாட்டார்கள், ‘பேர் சொல்லாதது கொடுங்கள்’ என்பார்கள். வாரம் ஒருமுறை விருதுநகருக்குக் கொள்முதலுக்குப் போவார், பதினைந்து பதினாறு மைல். அங்கே துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்க்கத்தான் என்னையும் கூட்டிப்போகச் சொல்லி அழுவேன். திரும்பும்போது வண்டியில் மிளகாய் வற்றல் மூட்டைமேல் படுத்துத் தும்மிக்கொண்டே தூங்கிவிடுவேன். ராத்திரி பலகை இறக்கிய பிறகுதான் உண்மையான வேலை: அன்றன்று குறித்த சிட்டையிலிருந்து ஆள்வாரிக் கணக்கான பேரேட்டுக்கு ஏற்றுவது. தம்பிடி உதைத்தால் தூங்கமாட்டார். ரூபாய்க்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தம்பிடி. ஒரு தம்பிடி எங்கே போயிற்று என்று பன்னிரண்டு மணி வரை தேடியதில் எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் எத்தனை தம்பிடிக்கு எரிந்திருக்கும் என்று அம்மா கேட்பாள். அப்பா பதில் சொல்லமாட்டார்.

1939இல் விற்பனை வரி வந்த பிறகு அந்தப் பேரேட்டுக்கு ஒரு தம்பியும் பிறந்தான் என்று தாத்தா தலைமுறையில் சொல்வார்கள். சர்க்காருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. பரணில் உங்களுக்குக் கிடைத்தது எது? எனக்கென்னவோ பரணில் ஒளிந்திருந்ததால் அதுதான் உண்மையானது என்று படுகிறது.

சரி, கரண்டிக்கு வருகிறேன். இவ்வளவும் எழுதியதே அதற்காகத்தான்.

எண்ணெய் அளப்பதற்குக் கடையில் மூன்று கரண்டிகள் ஆணியில் தொங்கும். பெரியது, நடு, சிறியது. எண்ணெய் விலை ஏறினால் கரண்டி மாறும், அணா மாறாது. ஓரணாவுக்கு ஒரு கரண்டி என்பது ஊருக்குத் தெரிந்த கணக்கு. அந்தச் சமயம் நடுக்கரண்டி நடந்துகொண்டிருந்தது.

1957 ஏப்ரல் முதல் தேதி, துன்முகி வருஷம் பங்குனி மாதம், நயா பைசா வந்தது. எனக்குப் பத்து வயது. ரூபாய்க்குப் பதினாறு அணா போய் நூறு நயா பைசா. அப்படியானால் ஓரணா ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. சர்க்கார் ஒரு பட்டியல் கொடுத்தார்கள்: ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. அப்பா அதை அட்டையில் ஒட்டிக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டார். பழைய காசும் புதுக்காசும் சேர்ந்து புழங்கிய அந்தச் சில வருஷம் கடைத்தெருவில் சத்தம் ஓய்ந்ததே இல்லை. ‘ஆறா, ஏழா’ என்பதுதான் சண்டை. எதிர்க்கடையில் ஓரணாப் பொருளுக்கு ஏழு வாங்கினார்கள். அப்பா ஆறுதான் வாங்கினார். பட்டியலில் அப்படித்தானே இருக்கிறது என்றார். ஒரே வாரத்தில் ஓரணா வியாபாரம் எல்லாம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணாச்சி நேர்மையானவர் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்குப் பள்ளிக்கூடத்தில் கூட மதிப்பு ஏறியது.

ஆனால் அப்பா முதல் நாளே கணக்கைப் பிடித்திருந்தார். ஒருவரே நாலணாவுக்கு வாங்கினால் இருபத்தைந்து வருகிறது. நாலு பேர் ஆளுக்கு ஓரணாவுக்கு வாங்கினால் இருபத்துநாலுதான். ஒரு பைசா எங்கே? நாளைக்கு நூறு ஓரணா வியாபாரம் நடந்தால் கால் ரூபாய் காணாமல் போகிறது. மாதத்துக்கு ஏழரை ரூபாய். கடைப் பையன் சம்பளத்தில் பாதி. நம் முன்னோர் முந்திரி என்று முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்குப் பெயர் வைத்து, அதற்கும் கீழே கீழ்முந்திரி என்று லட்சத்துச் சொச்சத்தில் ஒரு பங்குக்கும் பெயர் வைத்துக் கணக்குப் போட்டவர்கள். அந்த வாய்ப்பாட்டைப் பிரம்படி வாங்கிப் படித்த ஆளுக்குக் கால் பைசா கண்ணெதிரே காற்றில் போவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். (காலணா வியாபாரத்தில் கதை வேறு. காலணா என்பது ஒன்றரைப் பைசாவுக்குச் சற்று மேல், பட்டியலில் இரண்டு. அதில் கடைக்கு லாபம், வாங்குகிறவருக்கு நஷ்டம். அதைப் பற்றி அப்பா பேசி நான் கேட்டதில்லை.)

சிறிய கரண்டிக்கு மாறமுடியாது. அது ரொம்பச் சின்னது, ஊரே கூடிவிடும். ஒரு ராத்திரி பலகை இறக்கிய பிறகு அப்பா ஒரு செம்பை எடுத்துவைத்து, நடுக்கரண்டியால் தண்ணீர் ஊற்றி எண்ணினார். லாபம், இரண்டு, மூன்று… இருபத்துநாலு. தண்ணீர் நின்ற மட்டத்தில் செம்பின் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கிழித்தார். மறுநாள் கரண்டியை என்னிடம் கொடுத்து, பாத்திரங்களுக்கு ஒடுக்கு எடுக்கிறவரிடம் போய் அடியில் லேசாக ஒரு தட்டுத் தட்டி வாங்கிவரச் சொன்னார். ஒடுக்கு எடுக்கிறவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ‘எல்லாரும் ஒடுக்கு எடுக்கத்தான் வருவார்கள். போடச் சொல்லி நீதான் வந்திருக்கிறாய்’ என்றார்.

அன்று ராத்திரி அதே செம்பு. புதிய கரண்டியால் இருபத்தைந்து ஊற்றினார். இருபத்தைந்தும் சேர்ந்து பழைய இருபத்துநாலின் கோட்டைத் தொடவேண்டும். ஆறேகாலில் கால் என்றால் இருபத்தைந்தில் ஒன்று. தண்ணீர் கோட்டுக்குக் கீழேயே நின்றது. அப்பா விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். ‘அதிகம் அமுக்கிவிட்டான். காலையில் போய் வெளியே தள்ளச் சொல்’ என்றார். நான் போனேன். தள்ளிக் கொடுத்தார். அன்று ராத்திரி தண்ணீர் கோட்டைத் தாண்டிவிட்டது. மூன்றாம் முறையும் போனேன். ஒடுக்கு எடுக்கிறவர் ஒன்றும் சொல்லவில்லை, காசும் வாங்கவில்லை. அன்று ராத்திரி லாபத்தில் ஆரம்பித்து இருபத்தைந்தாவது கரண்டியில் தண்ணீர் வந்து கோட்டின்மேல் சரியாக நின்றது. அப்பா செம்புத் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் இதை யாரிடமும் சொன்னதில்லை, அக்காவிடம் தவிர. மூன்றாம் முறை அந்தக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தது என் கால்கள்தான். அப்பாவிடம் ஒரே ஒரு முறை கேட்டேன், இது தப்பில்லையா என்று. ‘ஆறேகாலுக்கு உரியதை ஆறுக்குக் கேட்டால், ஆறுக்கு உரியதைத்தானே கொடுக்கவேண்டும்’ என்றார். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அப்படியானால் பட்டியலுக்குப் பக்கத்தில் அதையும் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கலாமே என்று இப்போது எனக்குக் கேட்கத் தெரிகிறது. அன்று தெரியவில்லை. ஊரார் ‘நேர்மையானவர்’ என்று சொன்னபோது அவர் மறுக்கவும் இல்லை. ஆனால் ஏமாற்ற நினைத்தவர் முதல் தடவையே, அதிகம் அமுங்கியபோதே, சும்மா இருந்திருக்கலாம். ஏன் திருப்பி அனுப்பினார்? வெளியே தள்ளச் சொல்லி அனுப்பிய அந்த இரண்டாவது நடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இரண்டு வாரமாக மேஜைமேல் கிடப்பது அதுதான். நீங்களோ ‘சேவை’ என்று ஒரே சொல்லில் வேலையை முடித்துவிட்டு வந்து நிற்கிறீர்கள்.

கடுமையாக எழுதிவிட்டேனோ? பரவாயில்லை. நோட்டைக் குப்பையில் போடாமல் ஒரு வாரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அதற்காகத்தான் இவ்வளவும். அவற்றை வேப்பிலை போட்டு வையுங்கள், பூச்சி அரிக்காது. வெயிலில் காயவைக்காதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி இருந்தாள். தினமும் சாயங்காலம் ஒரு சிறிய கண்ணாடிப் புட்டியோடு ஓரணாவுக்கு நல்லெண்ணெய் வாங்க வருவாள். பேச்சு அதிகம் கிடையாது. கரண்டி மாறிய மறுநாள் வந்தாள். அப்பா அளந்து புனலில் ஊற்றினார். பாட்டி புட்டியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய கரண்டியைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். ஆறு பைசாவை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த நாள் எண்ணெய் ஊற்றி முடிந்து அப்பா கரண்டியை எடுக்கப் போனபோது, பாட்டி புட்டியை நகர்த்தவில்லை. ‘வடியட்டும் ஐயா’ என்றாள். கரண்டியின் உள்பக்கம் ஒட்டியிருந்த எண்ணெய் மெல்ல விளிம்புக்கு வந்து, திரண்டு, சொட்டியது. பிறகு இன்னொரு சொட்டு. பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். அவள் அவசரப்படவில்லை. அன்றிலிருந்து அவள் சாகும்வரை, தினமும் சாயங்காலம், கடைசிச் சொட்டு விழும் வரை புட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்பாவும் கரண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நிற்பார்.

அன்புடன்.